பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடைப்பட்ட வெளி: பென்னாகரம் வட்டாரத்தில் கல்விச் சமத்துவமும் தமிழ்த்துறையின் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளியை விட்டு நீங்கும் மாணவர் கல்லூரியில் சேர்வதற்கு முன் கடக்கவேண்டிய இடைவெளி, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் மிகுந்த வட்டாரங்களில் பெரும் இழப்புக்குரிய இடமாக உள்ளது. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு அவ்விடைவெளி உருவான வரலாற்றையும், அதனைக் குறைக்கத் தமிழ்நாட்டரசு மேற்கொண்டுள்ள திட்டங்களின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் உயர்நிலைப் பள்ளிகளோடு கொண்ட கூட்டுறவு ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இத்தகைய கூட்டுறவைத் தமிழ்நாட்டில் ஏற்று நடத்துவதற்குக் கல்லூரித் தமிழ்த்துறை பொருத்தமுடையது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கல்விச் சமத்துவம், சமுதாயக் கல்லூரி, மேல்நிலைக் கல்வி, பகுதி 1 தமிழ், நடுகல், பென்னாகரம்.

முன்னுரை

உயர்கல்வியில் தமிழ்நாடு எய்தியுள்ள உயரம் பலரும் அறிந்ததே. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டறிக்கைப்படி நாட்டின் மொத்த மாணவர் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47.0. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நிறைவு கொள்வது எளிது. ஆனால் மாநிலச் சராசரி என்பது சென்னையையும் கோவையையும் பென்னாகரத்தையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்த எடை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருக்க, தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடாகவே இருந்தது. மாநிலத்தின் மாவட்டங்களுள் அதுவே கடைசி நிலை. அக்கணக்கெடுப்பின்போது எழுத்தறியாதிருந்தோரின் மக்களும் பெயர்த்திகளும் இன்று மேல்நிலைப் பள்ளியில் பயில்கின்றனர். அவர்கள் கல்லூரி வாயிலை அடைவது எவ்வாறு என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

கலைச்சொல் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துதல் வேண்டும். 'சமுதாயக் கல்லூரி' என்னும் தொடர் தமிழ்நாட்டில் ஒரு பொருளையும் அமெரிக்காவில் வேறொரு பொருளையும் தருகிறது. இந்தியாவில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் 1996இல் சென்னையில் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் இத்தகைய நிறுவனங்களைத் தொடங்கின. பள்ளியை இடையில் விட்டோருக்கும் வேலையற்றோருக்கும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தருவது இங்குள்ள சமுதாயக் கல்லூரியின் முதன்மை நோக்கம். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த திட்டமும் பெரும்பாலும் இத்தடத்திலேயே சென்றது. அமெரிக்காவிலோ அது இரண்டாண்டுப் பட்டம் வழங்கும், உள்ளூரார் எவரும் சேரத்தக்க, கட்டணம் குறைந்த பொதுக் கல்லூரி. அங்கிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற்கு மாறிச் செல்ல இயலும். பெயரை விடுத்துப் பணியை நோக்கினால், அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிக்குத் தமிழ்நாட்டில் நேரானது வட்டத் தலைநகரில் இயங்கும் அரசு கலை அறிவியல் கல்லூரியே. வீட்டிலிருந்து பேருந்தில் சென்று திரும்பத்தக்க கல்லூரி, நிலமற்றோரின் மகளும் சேரத்தக்க கட்டணம், பெரும்பாலும் சுற்றுப்புற அரசுப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர் என்னும் மூன்று இயல்புகளும் இரண்டிற்கும் பொது.

'உயர்நிலைப் பள்ளி' என்னும் சொல்லும் அவ்வாறே மயக்கம் தருவது. நம் வழக்கில் உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. பன்னிரண்டு வரை உள்ளது மேல்நிலைப் பள்ளி. இவ்வேறுபாடு பெயரளவினதன்று. ஊரில் உயர்நிலைப் பள்ளி மட்டும் இருக்குமாயின், பதினைந்து அகவைச் சிறுமி பதினோராம் வகுப்பிற்கு வேற்றூர் செல்லவேண்டும். கல்லூரிக்கான தடை கல்லூரி வாயிலில் தொடங்குவதில்லை. அதற்கு இரண்டாண்டு முன்னரே தொடங்கிவிடுகிறது.

வட்டாரத்தின் இயல்பு

பென்னாகரம் தருமபுரிக்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஒகேனக்கல் செல்லும் வழியில் அமைந்தது. 1965இல் சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி அதினின்றும் பிரிந்தது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளின் தொழிற்சாலைகள் புதிய மாவட்டத்தின்பாற் சென்றபின், தருமபுரி பெரிதும் வேளாண் மாவட்டமாகவே நின்றது. காவிரி இவ்வட்டாரத்தின் எல்லையைத் தழுவி ஓடினும் நிலங்கள் மானாவாரியே. மழை பொய்க்கும் ஆண்டுகளில் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் செங்கற் சூளைகளுக்கும் பெயர்கின்றன. நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருந்ததால் பற்களில் கறை படிந்த தலைமுறைகள் இங்கு உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளூரோசிசுத் தணிப்பு என்னும் தொடர் இடம்பெற்றதற்கு அதுவே காரணம்.

வட்டுவனஅள்ளி ஊராட்சியைச் சார்ந்த கோட்டூர், ஏரிமலை, அலகட்டு ஆகிய மலையூர்கள் நாளிதழ் வாசகர்க்குத் தேர்தற் காலத்தில் மட்டும் அறிமுகமாகின்றன. கோட்டூருக்கு வாக்குப்பதிவுப் பொருள்கள் கழுதைகளின்மேல் ஏற்றிச் செல்லப்பட்ட செய்தி பலமுறை வந்துள்ளது. 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி மாணவர்க்குப் பயண அட்டையும் உண்டு. ஆயினும் சாலையில்லாத ஊரில் கட்டணமில்லாப் பேருந்து எவருக்கும் பயன்படுவதில்லை. சமத்துவக் கோட்பாட்டாளர் பல பக்கங்களில் விளக்கும் வேறுபாட்டை, அதாவது அனைவர்க்கும் ஒன்றே வழங்குவதற்கும் அவரவர் நிலைக்கேற்ப வழங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை, இவ்வொரு சான்றே காட்டிவிடுகிறது.

மொழிச் சூழலும் கருதத்தக்கது. ஊர்ப்பெயர்களில் மிகுதியாக வரும் 'அள்ளி' என்னும் ஈறு, கன்னடத்தின் 'ஹள்ளி'யோடும் தமிழின் 'பள்ளி'யோடும் உறவுடையது. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளியில் தமிழில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்ளும் மாணவர் இம்மாவட்டத்தில் அரியவரல்லர். அவர்க்குத் தமிழே இரண்டாவது படி.

இடைவெளி உருவான வரலாறு

பள்ளியும் கல்லூரியும் தமிழ்நாட்டில் என்றும் இத்துணை விலகி இருந்தனவல்ல. பழைய முறையில் பதினோராண்டுப் பள்ளிக் கல்வியை முடித்தவர் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் சேர்ந்தனர். அதற்கும் முன்னர் இரண்டாண்டு இடைநிலை வகுப்பு கல்லூரியில் நடைபெற்றது. கல்லூரி ஆசிரியர் பதினாறு அகவை மாணவர்க்குக் கற்பித்தார்; பள்ளித் தமிழின் தன்மையையும் அதன் குறைகளையும் நேரில் அறிந்தார். 1978இல் மேல்நிலைக் கல்வி அறிமுகமாகி, 1980இல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெற்றபோது, புகுமுக வகுப்பு மறைந்தது.

இம்மாற்றத்தை இழப்பாக மட்டும் கொள்வது வரலாற்றிற்கு முரண். புகுமுக வகுப்பு இருந்த காலத்தில் கல்லூரி உள்ள நகரத்திற்குச் செல்ல இயன்றவரே மேற்படிப்பை எண்ண முடிந்தது. 1960களில் பென்னாகரம் மாணவர் ஒருவர் தருமபுரியிலோ சேலத்திலோ அறை எடுத்துத் தங்கியாக வேண்டும். மேல்நிலைக் கல்வி அவ்விரண்டாண்டுப் படிப்பைச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கே கொண்டுவந்தது. பெண்கல்வி பரவியதில் இதன் பங்கு பெரிது. ஆனால் அதே மாற்றம் இரு நிறுவனங்களையும் இருவேறு துறைகளின்கீழ், இருவேறு நாட்காட்டிகளோடு, இருவேறு பாடத்திட்டக் குழுக்களோடு முற்றாகப் பிரித்துவிட்டது. முதுகலைத் தமிழாசிரியரும் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியரும் ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஒருவர் மாணவரை மற்றவர் பெற்றுக்கொண்டும், பாடம் குறித்து ஒருமுறையேனும் அமர்ந்து பேச வாய்ப்பில்லாத நிலை ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தொடர்கிறது. அணுக்கம் வாய்த்தது, உறவு அறுந்தது.

அமெரிக்க முன்மாதிரியும் அதன் எல்லையும்

அமெரிக்காவில் பொதுச் சமுதாயக் கல்லூரியின் தோற்றமே உயர்நிலைப் பள்ளிக்குள் நிகழ்ந்தது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரப் பள்ளியில், பள்ளிப் படிப்பை முடித்த ஆறு மாணவர்க்கு அங்கேயே கல்லூரிப் பாடம் நடத்தப்பட்டது. அதுவே ஜோலியட் இளநிலைக் கல்லூரியாயிற்று. 1974இல் நியூயார்க்கின் லாகார்டியா சமுதாயக் கல்லூரி, இடைநிற்கும் நிலையிலிருந்த பள்ளி மாணவர்க்குக் கல்லூரி வளாகத்திலேயே பள்ளி ஒன்றைத் திறந்தது. 1985இல் மினசோட்டா மாநிலம் பள்ளி மாணவர் கல்லூரிப் பாடங்களைப் பயின்று இரு நிறுவனங்களிலும் மதிப்பீடு பெறச் சட்டம் இயற்றியது. 2002 முதல் 'முன்தொடக்கக் கல்லூரிப் பள்ளிகள்' என்னும் இயக்கம் பரவியது. இப்பள்ளிகளுக்குக் குலுக்கல் முறையில் இடம் பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், இடம் பெற்றோரே மிகுதியாகக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெறுவதைக் காட்டின.

இம்முன்மாதிரியில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று. அங்கே திறமையாளரைத் தேர்ந்தெடுத்து முன்னே அனுப்புவது லாகார்டியாவின் நோக்கமாக இருக்கவில்லை. விழுந்துவிடக்கூடியவரைக் கல்லூரிச் சூழலுக்குள் வைத்தால் அவர் தம்மைக் கல்லூரிக்குரியவராகக் காண்பார் என்பதே அதன் நம்பிக்கை. எச்சரிக்கையும் ஒன்று உண்டு. நோக்கம் இன்றி விடப்பட்ட இடங்களில், பள்ளியிலேயே கல்லூரி மதிப்பீடு பெறும் வாய்ப்பை வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளே முதலில் பற்றிக்கொண்டனர். நம்மிடம் இத்தகைய திட்டம் வருமாயின் அது நகரத் தனியார் பள்ளியிலிருந்து தொடங்கும் என்று அஞ்சுவதற்கு இடமுண்டு.

இப்போதுள்ள பாலங்கள்

தமிழ்நாட்டரசு அண்மை ஆண்டுகளில் பல திட்டங்களை வகுத்துள்ளது. 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு வந்தது. 2022 மார்ச்சு 1 அன்று 'நான் முதல்வன்' தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற பெண்கள் உயர்கல்வி பெறுங்கால் மாதம் 1000 ரூபாய் பெறும் 'புதுமைப் பெண்' திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024இல் 'தமிழ்ப் புதல்வன்' ஆண்களுக்கு அதனை நீட்டித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 'அனைவருக்கும் ஐஐடிஎம்' என்னும் பெயரில் அரசுப் பள்ளி மாணவரை நாடியது.

இவற்றுள் புதுமைப் பெண் திட்டம் இவ்வட்டாரத்திற்குத் தனிப் பொருளுடையது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டமே கல்வி உதவியாக மாற்றப்பெற்றது. இளமை மணம் இன்னும் செய்தியாகும் ஒரு மாவட்டத்தில், மகளின் பெயருக்கு அரசுப் பணம் வருவது மணமேடையிலிருந்து வகுப்பறைக்கு இடம் மாறியது சிறிய மாற்றமன்று. மாதம் ஆயிரம் ரூபாய் கட்டட வேலைக் கூலிக்கு ஈடாகாது எனினும், அவள் கல்லூரி செல்வதால் குடும்பத்திற்குச் செலவு என்னும் வாதத்தை அது பலவீனப்படுத்துகிறது.

'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ்ப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அருகிலுள்ள கல்லூரிகளுக்குக் களப்பயணமாக அழைத்துச் செல்லப்படுகின்றனர். இது நன்று. ஆயின் ஒரு நாள் வருகை கட்டடத்தைக் காட்டும், ஆய்வகத்தைக் காட்டும், அங்கே தமக்கு ஒருவரையேனும் தெரியும் என்னும் உணர்வைத் தராது. பட்டியல்களில் இடம்பெறாத தடைகளே பெரும்பாலும் இங்கு மாணவரை நிறுத்துகின்றன. பழங்குடி மாணவர்க்குச் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் வழங்கவேண்டும். பெற்றோரிடம் பழைய சான்று இல்லாத குடும்பத்தில் இது மாதக் கணக்கில் நீளும். அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கை இணையவழியே நடைபெறுகிறது. விண்ணப்பிக்கும் நாள்களில் குடும்பம் பெங்களூரில் இருக்கலாம். கடவுச்சொல் வரும் கைப்பேசி தந்தையிடம் இருக்கலாம். துணைத்தேர்வில் வென்றவர் சான்றிதழ் பெறுவதற்குள் முதல் பருவம் தொடங்கிவிடும். இவர்களைத் தேடிப் பிடிக்கும் முகாம்களை 'உயர்வுக்குப் படி' நடத்துகிறது. தவறியவரைத் தேடுவதற்கு ஓர் ஏற்பாடு தேவைப்பட்டதே, தவறவிடும் இடைவெளி எத்துணை அகன்றது என்பதற்குச் சான்று.

மேற்கண்ட திட்டங்களுள் 7.5 விழுக்காடு தொழிற்படிப்பிற்கே உரியது. பென்னாகரம் வட்டார மாணவர் பலரும் சேர்வது கலை, அறிவியல் படிப்புகளில். அவர்க்கான பாலம் இன்னும் மெல்லியதாகவே உள்ளது.

தமிழ்த்துறை ஏன்?

அரசு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் பயில்பவரும் வணிகவியல் பயில்பவரும் சேர்ந்து பயிலும் பாடம் பகுதி 1 தமிழ். முதலாண்டு மாணவர் ஏறத்தாழ அனைவரையும் சந்திக்கும் துறை தமிழ்த்துறையே. பிற துறை ஆசிரியர் தம் பாடத்தின் ஆங்கிலச் சொற்களோடு போராடும் மாணவரைக் காண்கிறார். தமிழாசிரியர் அம்மாணவர் தம்மொழியில் எவ்வாறு எண்ணுகிறார், எழுதுகிறார் என்பதைக் காண்கிறார். எவர் முதற் பருவத் தேர்வுக்குப்பின் வாரார் என்பதை முன்னுணர்வதற்கு வருகைப் பதிவேட்டைவிட அவர் எழுதும் கட்டுரைத் தாள் உதவும்.

மேலும், அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் இளங்கலைத் தமிழுக்குத் தமிழ் மதிப்பெண் அடிப்படையில் தனித் தரவரிசை அணியமாகிறது. ஆகவே மேல்நிலைத் தமிழ்ப் பாடத்தின் தரம் தமிழ்த்துறையை நேரடியாகத் தொடுகிறது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010ஆம் ஆண்டுச் சட்டம், பின்னர்த் திருத்தப்பெற்று, பள்ளி தொடங்கி முழுவதும் தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என்றாயிற்று. கல்லூரியில் எவ்வழியைத் தேர்வது என்பதில் இச்சட்டத்தின் விளைவைப் பதினோராம் வகுப்பிலேயே எடுத்துரைக்கவேண்டும். கல்லூரியில் சேர்ந்தபின் அறிவது காலந்தாழ்ந்தது. இதனை உரைப்பதற்கு உரியவர் யார் என்பது இன்றுவரை வரையறுக்கப்படவில்லை.

கூட்டுப் பாடத்திற்கு ஒரு களம்

கூட்டுறவு என்பது அறிவுரைக் கூட்டங்களால் அமைவதன்று. இரு நிறுவனத்து மாணவரும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று வேண்டும். அவ்வேலைக்குரிய பொருளில் இவ்வட்டாரம் செழிப்புடையது. தகடூர் நாடாகிய தருமபுரிப் பகுதி, நடுகற்கள் மிகுந்த நிலம். பல்லவர் காலந்தொட்டு வட்டெழுத்திலும் பின்னர்த் தமிழிலும் பிறமொழிகளிலும் பொறிக்கப்பட்ட கற்கள் வயல் வரப்புகளிலும் கோயில் முற்றங்களிலும் நிற்கின்றன; பல தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் காக்கப்படுகின்றன. மன்னனின் ஆட்சியாண்டு, ஆநிரையைக் குறிக்கும் 'தொறு', வீழ்ந்ததைக் குறிக்கும் 'பட்டான்' ஆகியவை இக்கற்களில் மீண்டும் மீண்டும் வருவன. மேல்நிலைத் தமிழ்ப் பாடத்தில் வெட்சி, கரந்தைத் திணைகளை மனப்பாடம் செய்யும் மாணவர், தம் ஊர் எல்லையில் எண்ணெய் பூசி வழிபடப்படும் கல்லே அத்திணையின் சான்று என்பதை அறியாமலே பள்ளியை நீங்குகிறார். கற்பிப்பவர் பலரும் அதனைச் சுட்டுவதில்லை என்பது என் கணிப்பு.

ஆகவே பதினோராம் வகுப்பு மாணவர் இருவரும் முதலாண்டுக் கல்லூரி மாணவர் ஒருவரும் கொண்ட சிறு குழுக்கள், தத்தம் ஊர் நடுகற்களை அளந்து, படமெடுத்து, வழிபாட்டு வழக்கைக் கேட்டெழுதிப் பதிவு செய்யலாம். அடுத்த பருவத்தில் பரிசல் தொழிற்சொற்களைத் தொகுக்கலாம். மூங்கில் பிளாச்சுகளை முடைந்து தோல் போர்த்திய பரிசலில் இன்று பிளாஸ்டிக் தாள் இடம்பிடித்துவிட்டது. தோலோடு சேர்ந்த சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சும். இத்தொகுப்பில் பரிசல் ஓட்டுபவரின் மகனே வல்லுநர். நகரத்திலிருந்து வந்த விரிவுரையாளர் அவனிடம் கேட்டறியவேண்டும். வகுப்பறையில் வாய் திறவாத மாணவர் ஒருவர் கல்லூரி ஆசிரியரைத் திருத்தும் வாய்ப்பைப் பெறுவதைக் காட்டிலும் வலிய வழிகாட்டல் வேறில்லை. வீட்டில் கன்னடம் பேசும் மாணவரின் இருமொழி அறிவும் ஊர்ப்பெயராய்வில் குறையாகாது, கருவியாகும்.

இப்பணிக்கு மதிப்பீடு வழங்குவதில் தடையில்லை. கல்லூரிகளில் 'நான் முதல்வன்' திறன் பாடங்களுக்கு மதிப்பீட்டுப் புள்ளிகள் வழங்கப்படுவது முன்னுதாரணமாக உள்ளது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளுக்குரிய பெரியார் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பாடத்திட்டக் குழு, இரு புள்ளிகளுக்குரிய களப்பணிப் பாடமாக இதனை ஏற்கலாம். பள்ளி மாணவர் அப்பாடத்தை முடித்து, பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் எந்தக் கல்லூரியில் சேரினும் அப்புள்ளிகள் அவர் கணக்கில் சேரவேண்டும்.

இருவேறு எதிர்வாதங்கள்

பள்ளி ஆசிரியர்க்குப் பொதுத்தேர்வுச் சுமை உண்டு, களப்பணிக்கு நேரமில்லை என்பது முதல் வாதம். இது உண்மை. பன்னிரண்டாம் வகுப்பைத் தவிர்த்துப் பதினோராம் வகுப்பை மேலே குறித்ததன் காரணமும் அதுவே. உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு பொருத்தமுடையது. பத்தாம் வகுப்போடு நின்றுவிடக்கூடிய மாணவரைச் சந்திப்பதற்கு அதுவே கடைசி நிதானமான ஆண்டு.

இரண்டாவது வாதம் கடினமானது. அதனை நம் துறையினர் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அரசு கல்லூரிகளில் கற்பித்தலின் பெரும்பகுதியைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கின்றனர். அவர்க்கு ஆண்டில் பதினொரு மாதமே தொகுப்பூதியம். விடுபடும் மாதம் மே. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவருவதும், கல்லூரி விண்ணப்பம் திறப்பதும், ஊரிலிருக்கும் மாணவர் பெங்களூருக்குப் பேருந்து ஏறுவதும் அதே மே மாதத்தில்தான். மாணவரை அறிந்த ஆசிரியர் ஊதியமின்றி இருக்கும் அம்மாதத்தில் கூட்டுறவை அவரது நல்லெண்ணத்தின்மேல் கட்டுவது நியாயமன்று. கூட்டுறவுத் திட்டம் எதுவாயினும் அதன் முதல் செலவினம், பள்ளிகளோடு இணைக்கப்பெற்ற கௌரவ விரிவுரையாளர்க்கு மே மாத ஊதியம் என்பதாக இருத்தல் வேண்டும். சான்றிதழ் நிலுவை, விண்ணப்பம், துணைத்தேர்வு ஆகிய மூன்றையும் பெயர்ப் பட்டியலோடு பின்தொடர ஒரு கல்லூரிக்கு நான்கைந்து ஆசிரியர் போதும். அப்பட்டியலைப் பள்ளிகளின் வழிகாட்டி ஆசிரியர்கள் ஏப்ரல் இறுதிக்குள் அளித்துவிடலாம். பழங்குடி மாணவரின் சான்றிதழ் விண்ணப்பத்தைப் பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே கோட்டாட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடின், ஈராண்டு கால இடைவெளி கிடைக்கும்.